ஒன்பதாவது ஜிபி

மென்பொருள்கள் கணினியிடம் “எனக்கு இவ்வளவு மெமரி வேண்டும்” என்று கேட்கும் முறையை நானும் அக்காவும்தான் வடிவமைத்தோம். இருப்பதற்குள் கேட்டால் “சரி” என்று பதில் வரும். மிஞ்சிக் கேட்டால் “இல்லை”.

“இல்லைன்னு இப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லணுமாடா?” என்பாள் அக்கா. அவளுக்கு அந்த வார்த்தையே வராது. சாப்பிடும்போதுகூடத் தன் தட்டில் இருப்பதை என் தட்டுக்குத் தள்ளிவிட்டு, “எனக்குப் போதும்” என்பாள்.

அவள் இறந்துபோன பிறகு, ஒருவழியாக வேலைக்குத் திரும்பினேன். என் கணினியில் இருப்பது எட்டு ஜிபி மெமரி. வழக்கமான சோதனை ஒன்பது கேட்கும். “இல்லை” என்று வந்தால்தான் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள்.

“சரி” என்று வந்தது.

ஏதோ கோளாறு என்று நினைத்துப் பத்து கேட்டேன். சரி. பன்னிரண்டு கேட்டேன். அதற்கும் சரி. கணினியின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே எட்டுதான் இருந்தது.

எதிர்வரிசையிலிருந்து, எங்கள் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர் குரல் கொடுத்தார். “உங்க அக்கா கம்ப்யூட்டரும் எட்டு ஜிபிதானே? இப்பப் போட்டுப் பார்த்தா நாலுதான் காட்டுது.”

போய்ப் பார்த்தேன். அவள் திரையில் வைத்திருந்த எங்கள் படம் பாதிதான் திறந்திருந்தது. என் முகம் முழுசாக வந்திருந்தது. பக்கத்தில் வெறும் சாம்பல் நிறம்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட என் மேஜைக்கு ஓடினேன். விசைப்பலகையில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. கேட்பதற்கு மட்டும்தான் நாங்கள் வழி வைத்திருந்தோம்.