விலை படிந்தது

இன்ஜினியர் சமையலறைச் சுவரை விரல் முட்டியால் தட்டினார். பொத்பொத்தென்று சத்தம் வந்தது.

"உள்ள ஒண்ணும் இல்லைங்க. மேல்பூச்சுதான் நிக்குது."

அதைக் கேட்டதும் அவளுக்கு மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது.

வாங்குவதற்கு முன்னால் வீட்டை விஷயம் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். கணவன் தடை சொல்லவில்லை. "உன் திருப்திக்கு" என்றான்.

இன்ஜினியர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பின்பக்க அறையில் தரை ஒருபுறமாக இறங்கியிருந்தது; கதவை எப்படிச் சாத்தினாலும் அது தானாகவே திறந்துகொண்டது. மாடிப்படிக்குக் கீழே இருந்த விரிசலில் அவருடைய சுண்டுவிரல் தாராளமாகப் போய்வந்தது. குளியலறைக் கூரையில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் பல்லை இளித்தன.

அவள் ஒவ்வொரு குறையையும் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள், கணவன் காதில் நன்றாக விழட்டும் என்று.

இத்தனையும் கேட்ட பிறகு எந்தப் பைத்தியக்காரன் இந்த வீட்டை வாங்குவான்?

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் அச்சகம் நடத்தி ஓய்ந்தவர். மகனோடு போய் இருப்பதற்காக மூட்டை கட்டியாயிற்று. அட்டைப்பெட்டிகள் சுவரோரம் தலை உயரத்துக்கு நின்றன. அவர் மனைவி உட்காரவே இல்லை.

கணவன் பழைய கார்களை வாங்கி விற்கிறவன். குறை சொல்லி விலையை அடிப்பது அவனுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி.

"நீங்களே கேட்டீங்கள்ல? கால்வாசி குறைச்சுக்குங்க. இன்னிக்கே பேசி முடிச்சிடலாம்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து வெளியே நடப்பான் என்றல்லவா நினைத்திருந்தாள்? அவனோ அவள் தேடிப் பிடித்த குறைகளையெல்லாம் பொறுக்கியெடுத்து விலையில் கழித்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பின்ரூம் இடிஞ்சு விழுந்தா என்ன பண்றது?"

"கட்டிக்குவோம். அதுக்குத்தானே குறைக்கச் சொல்றேன்."

வீட்டுக்காரரின் மனைவி பொரிந்து தள்ளினாள்.

"பழைய இரும்புக்குக் கேக்கற மாதிரியில்ல கேக்கறீங்க! நாங்க விக்கவே இல்ல, கெளம்புங்க!"

இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுங்கள் என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். பாதி எழுந்தும் விட்டாள்.

கணவனின் கை அவள் மணிக்கட்டின் மேல் வந்து விழுந்தது. அழுத்தவில்லை. எடுக்கவும் இல்லை.

"யார் வந்து பாத்தாலும் இதையேதாங்க சொல்லுவாங்க. நிதானமா யோசிங்க" என்று அவன் வீட்டுக்காரரிடம் சொன்னான்.

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி" என்றார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு.

அவ்வளவுதான். இனி வங்கிக் கடன். அவன் வருமானம் மட்டும் அதற்குப் போதாது. அவள் சம்பளத்தையும் காட்ட வேண்டும். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருடம்.

மகனுக்குப் போன் செய்ய வீட்டுக்காரர் உள்ளே போனார். மனைவியும் பின்னாலேயே போனாள். இன்ஜினியர் வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

கணவன் அவள் பக்கம் சாய்ந்தான். அப்படிக் கனிந்த குரலில் அவன் பேசிப் பல மாதங்களாகியிருந்தன.

"லேடீஸ் ஹாஸ்டல்ல உனக்கு ரூம் சொல்லி வச்சிருக்கியே, அது வேண்டாம்னு சொல்லிடு."

அவள் அதை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. தங்கையிடம்கூட.