பிரேக் மிதித்தாலும் விடக் கூடாது

பாதுகாப்பு வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சிய வாடிக்கையாளரை, கார் எலக்ட்ரீஷியன் ஃப்யூஸ் தன் இருபது வருஷத் தொழிலில் அன்றுதான் பார்த்தார். ஃப்யூஸ் என்பது மனைவி வைத்த பட்டப்பெயர். சட்டென்று உணர்ச்சிவசப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வார் என்பதால் வைத்தது.

வந்தவர் ஒரு கண்ணாடிக்காரர். கொண்டுவந்தது ஓர் ஆட்டோமேட்டிக் ஃபோர்வீல் டிரைவ். கேட்டது, டார்க் கன்வெர்ட்டருக்கு ஒரு லாக்கப் சுவிட்ச்.

ஃப்யூஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆயில் மாற்றுகிறவர்களுக்கு மத்தியில் இப்படி விஷயம் தெரிந்து கேட்கிறவர் கிடைப்பது அபூர்வம்.

“தங்கமா பண்ணிடலாம் சார்! இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல எண்ணெய்தான் சுத்துது. மேட்டுல ஏறினா வழுக்கி வழுக்கிக் கொதிக்கும். சுவிட்சைப் போட்டா ரெண்டும் கெட்டியா கோத்துக்கும். ஆனா அப்படியே வண்டியை நிறுத்தினா இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆயிடும். அதனால பிரேக் மிதிச்சதும் லாக் தானா விடுற மாதிரி ஒரு ஒயர் இழுத்துடுவேன்.”

“அந்த ஒயர் வேண்டாம். பிரேக் மிதிச்சாலும் விடக் கூடாது.”

“சார், வண்டி நடுரோட்டுல நின்னுடும்!”

“நிக்கட்டும். திரும்ப ஸ்டார்ட் பண்ணினா?”

“ஆகும். ஆனா சுவிட்சை எடுக்காம கியர் போட்டா மறுபடி செத்துடும்.”

“அருமை!” என்றார் கண்ணாடிக்காரர், கை தட்டாத குறையாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். “சுவிட்ச் பக்கத்து சீட்டுக்கு அடியில, என் கைக்கு எட்டுற மாதிரி இருக்கணும். ஓட்டறது என் சம்சாரம். அவளுக்கு இது தெரியக் கூடாது.”

ஃப்யூஸின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்தது.

கண்ணாடிக்காரர் ஓரமாகப் போய் போனில் கிசுகிசுத்தார். ஃப்யூஸ் வண்டிக்கு அடியில் படுத்தபடி காதை நீட்டினார்.

“ரயில்வே கேட்டைத் தொட்ட மாதிரி வேகத்தடை இருக்குல்ல? அங்கதான் நிக்கும். நாளைக்குக் காலைல பத்தேகால். நின்னதும் நான் கதவைத் திறந்து குதிச்சுடுவேன். அதோட அவ கதை முடிஞ்சுது, எனக்கும் விடுதலை.”

வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரரின் சம்சாரமான அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். “என்ன அண்ணா இப்படி வேர்த்துக் கொட்டுது? இந்தாங்க, தண்ணி குடிங்க.”

அண்ணா என்று வேறு கூப்பிட்டுவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

“பத்து இருபதுக்கு எக்ஸ்பிரஸ் வருதுடி! தண்டவாளத்துகிட்ட நிறுத்திட்டு இவன் மட்டும் குதிச்சுடப் போறான்!”

“போலீஸ்ல சொல்லுங்க.”

“என்னன்னு சொல்ல? ஒருத்தர் சுவிட்ச் வைக்கச் சொன்னார்னா? என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாங்க.”

“அப்ப முடியாதுன்னு அனுப்பிடுங்க.”

“வேற கடைல வச்சுப்பானே!”

மனைவி ஒரு வாய் சோற்றை நிதானமாக மென்று முடித்தாள். “அப்ப நீங்களே வைங்க. வைக்காத மாதிரி வைங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதில் ஃப்யூஸுக்கு உடனே புரிந்தது இது ஒன்றுதான்.

சாயங்காலம் சுவிட்ச் தயார். அமுக்கினால் ஜம்மென்று பச்சை விளக்கு எரிந்தது. அங்கிருந்து புறப்பட்ட ஒயரோ கியர்பாக்ஸ் பக்கமே போகாமல், கார்ப்பெட்டுக்கு அடியில் இன்சுலேஷன் டேப்பைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. வாழ்க்கையில் அவர் செய்த முதல் போலி வேலை. போலி என்றாலும் சாலிடரிங் முத்து முத்தாக இருந்தது. பழக்கதோஷம்.

கண்ணாடிக்காரர், விளக்கு எரிந்தால் எல்லாம் சரி என்று நம்புகிற ரகம். மனைவி பக்கத்தில் இருக்கும்போது ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பத்து மணிக்கே ஃப்யூஸ் ரயில்வே கேட்டருகே ஆஜர். ஒருவேளை வண்டி நின்றுவிட்டால் முதுகு கொடுத்துத் தள்ளிவிடுவதாகத் திட்டம். அவர் முதுகு ஸ்டெப்னியைத் தூக்கினாலே பிடித்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம்.

பத்தேகால். கேட் மூடப்போகிற மணி அடிக்கத் தொடங்கியது. வண்டி வந்தது. வேகத்தடையில் அந்த அம்மாள் பிரேக்கை மிதித்தாள். கண்ணாடிக்காரர் குனிந்து சீட்டுக்கு அடியில் எதையோ அமுக்கினார். மறுபடி அமுக்கினார். பிறகு கதவு மணியை விடாமல் அடிக்கிற குழந்தை மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தார்.

இன்ஜின் ஒரு செருமல்கூடச் செருமவில்லை. வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டியது. ஜன்னல் வழியே அந்த அம்மாள், “வரேன் அண்ணா!” என்று கையசைத்தாள்.

ஃப்யூஸ் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு குதித்தார். கண்ணில் தாரை தாரையாக ஆனந்தக் கண்ணீர். ஓர் உயிரை, அதுவும் ஒரு தங்கையின் உயிரைக் காப்பாற்றியாயிற்று!

கேட் இறங்கியது. எக்ஸ்பிரஸ் தடதடத்துக்கொண்டு வந்தது.

அதே நேரம் மதிலுக்குப் பின்னாலிருந்தும் டயர் கடைக்குள்ளிருந்தும் பன்னிரண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்து, மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம் மூச்சு வாங்க நின்றார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

“என்ன சார் ஆச்சு?” என்றார் ஃப்யூஸ், கண்ணைத் துடைத்தபடி.

“போச்சுய்யா! மூணு நகைக்கடையை அடிச்சவ, மூணு தடவையும் எங்க தடுப்பை இடிச்சுத் தள்ளிட்டுப் பறந்தவ. இந்தத் தடவை வண்டி தானா இங்க நின்னுடும், நல்ல மெக்கானிக்கா பார்த்து சுவிட்ச் வச்சிருக்கேன்னு அவ புருஷனே எங்களுக்கு சத்தியம் பண்ணிக் கொடுத்தான்யா!”