திராட்சைக் குலையும் இரண்டு முகங்களும்

இரண்டாவது ஆளின் இடது கண் மட்டும்தான் செதுக்கப் பாக்கி. அதற்குள் மேயர் ஒட்மார் மூச்சு வாங்க ஏணியில் ஏறிச் சாரத்துக்கே வந்துவிட்டார்.

கல்தச்சர் வென்டெலின் உளியை நிறுத்தவில்லை.

ஜெர்மனியின் ரெபன்பாக் நகராட்சிக் கட்டடத்தின் வாசலுக்கு மேலே இருக்கிறது ஊர்ச் சின்னம். கேடயத்துக்குள் இரண்டு பேர், அவர்கள் தோளில் ஒரு கம்பு, கம்பில் ஆள் உயரத்துக்கு ஒரு திராட்சைக் குலை. மோசே அனுப்பிய ஒற்றர்கள் கானான் தேசத்திலிருந்து சுமந்து வந்ததாக பைபிள் சொல்லும் அதே குலை. ஒயினால் சோறு தின்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும்? முந்நூறு வருஷமாகப் பீப்பாயிலும் வரிச்சீட்டிலும் அதுதான் முத்திரை.

அந்த இரண்டு பேரும் யூதர்கள் என்பது மட்டும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. 1937-ல் நாஜிக் கட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது.

அன்று அவர்களைக் கொத்தி எடுத்ததும் இதே வென்டெலின்தான். ஆட்கள் போய், கம்பும் குலையும் அந்தரத்தில் தொங்கின. பார்க்கவே அசட்டுத்தனமாக இருந்தது. அதன் கீழேதான் ஊர் பன்னிரண்டு வருஷம் வெட்கமில்லாமல் போய் வந்தது.

இது 1949. ஆட்சி மாறிவிட்டது. பழைய சின்னமே வேண்டும் என்று நகராட்சிக் கூட்டத்தில் ஒரு கை குறையாமல் தூக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திறப்பு விழா.

மேயர் புதிதாகப் பதித்த சிவப்புக் கல்லைப் பார்த்தார்.

"என்னய்யா செஞ்சு வெச்சிருக்க? இது லோவன்டால் அண்ணன் தம்பியில்ல?"

சந்தேகமே இல்லை. ஹெர்மானின் இரட்டைத் தாடை, யூலியுஸின் ஏறிய புருவம். சந்தைச் சதுக்கத்தில் நாற்பது வருஷம் ஒயின் வியாபாரம் செய்தவர்கள். 1942-ல் யூதர்களென்று முகாமுக்கு ரயிலேற்றப்பட்டவர்கள் திரும்பவேயில்லை. அவர்கள் வீட்டில் இப்போது மேயரின் மைத்துனர் குடியிருக்கிறார்.

வென்டெலின் கையில் ஒரு போட்டோகூட இல்லை. கண்ணை மூடினாலே அவர்கள் வந்து நின்றார்கள்.

"தாடி வெச்சு மூடிடு. பைபிள் ஆளுங்கன்னா தாடி இருக்கும்ல" என்றார் மேயர்.

"மாட்டேன். கீழ போற ஒவ்வொருத்தனையும் இவங்க பாக்கட்டும். ஊர் மாத்துச்சுன்னா மாத்தட்டும், என் கையால நடக்காது."

மனதாரத்தான் சொன்னார். இந்த இரண்டு முகமும் அங்கே நின்றால்தான் தனக்கு நெஞ்சு ஆறும் என்று அவர் நம்பியிருந்தார்.

மேயர் சாரப் பலகையில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்கு ஸ்டேஷனுக்குப் போறப்ப அந்தக் கெழவங்களால பெட்டியத் தூக்க முடியல. ஒரு கம்புல மாட்டி, ஆளுக்கொரு பக்கமா தோள்ல வெச்சுக்கிட்டு நடந்தாங்க. 'பாருங்கடா, நம்ம பழைய சின்னம் நடந்து போகுது'ன்னு கூட்டத்துலருந்து ஒருத்தன் கத்துனான். தெருவே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், இல்லேங்கல."

உளி நின்றது.

"இந்த மூஞ்சிங்களப் பாத்தா எல்லாருக்கும் அது ஞாபகம் வரும். கத்துனது யாருங்கறதும் ஞாபகம் வரும், வென்டெலின்."

மேயர் மெதுவாக ஏணியில் இறங்கிப் போய்விட்டார்.

பன்னிரண்டு மணி அடித்தது. சதுக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிடப் போனார்கள். கீழே யாரும் இல்லை என்று வென்டெலின் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு அகல உளியை எடுத்து, யூலியுஸின் வாயில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.