அழித்தெழுதிய எட்டு

கார்காலம் கனிந்திருந்தது. விண்ணின் கருமை மெல்ல இறங்கி வந்து, வீட்டுச் சுவர்களிலும் மனித மனங்களிலும் படிந்திருந்தது.

ஆய்விதழுக்கு அனுப்பக் கணிதப் பேராசிரியை ஒட்டிவைத்த உறை, பிரித்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே, ஏழாண்டு உழைத்துக் கண்டு அவள் கைப்பட எழுதிய நாற்பத்தோரிலக்கப் பகா எண்ணில் ஓரிலக்கம் அழிக்கப்பட்டு, வேறு மையில் எட்டு என்று எழுதப்பட்டிருந்தது.

வீட்டில் இருந்தவள் நாத்தனார் ஒருத்திதான், தையற்காரி.

“உறையைத் தொட்டது நீதானே?”

“ஆமா அண்ணி.”

“கூசாம சொல்றியே! என் பேர் வெளியில வந்தா உனக்கு வயிறு எரியுதா?”

“எரியுதுதான், பசியில. மணி மூணாச்சு.”

“பேச்சை மாத்தாதே. ஓர் இலக்கம் மாறினாலும் அது வேற எண். ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும். எதுக்குடி மாத்தினே?”

“உங்க எண்ணை ஒருதரம் கண்ணால பார்க்க ஆசைப்பட்டுத்தான் பிரிச்சேன். அளவு கூட்டிப் பழகின கை, இலக்கத்தையெல்லாம் கூட்டிடுச்சு. நூத்தி எண்பத்தாறு வந்தது. கூட்டுத்தொகை மூணால வகுபட்டா எண்ணும் வகுபடும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன். அப்புறம் அது எப்படிப் பகா எண் ஆகும்? உங்க நோட்டை எடுத்து ஒப்பிட்டேன். அதுல எட்டு. நகல்ல நீங்கதான் மூணுன்னு எழுதியிருந்தீங்க.”

பேராசிரியை பதறி நோட்டைப் பிரித்தாள். எட்டுதான்.

கண்மூடிக் கைகுவித்து, நாவசையாமல் இறைவனைத் தொழுதாள். பிறகு நாத்தனாரின் தலைமேல் கைவைத்தாள்.

“நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்மா.”