எடுக்கும்வரை

புரட்டாசி சனிக்கிழமை. சாயங்காலம் அப்பாவுக்கு ஆபரேஷன்; அதற்குள் ஓர் அர்ச்சனை செய்துவிட வேண்டுமென்று பொத்தேரி ஆஸ்பத்திரியிலிருந்து கடப்பாக்கத்துக்கு ஓடிவந்திருந்தாள் சுப்ரஜா. பெருமாள் கோயில் பூட்டிக் கிடந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அர்ச்சகர் உப்பிலி படியில் உட்கார்ந்திருந்தார்.

"தெருவுல ஒரு சாவும்மா. எடுக்கறவரைக்கும் நடை திறக்கப்படாது."

"பெருமாளுக்கு ஏது சாமி தீட்டு? இவ்வளவு ஜனம் நிக்குதே."

"சாஸ்திரம்மா" என்றார், அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பூக்காரி அலுத்துக்கொண்டாள். "காலைலேர்ந்து இதையேதான் சொல்லிகினு கீறாரு. இந்தச் சாவுக்கு அதெல்லாம் வாணாம்னு ட்ரஸ்டியே போன் பண்ணாரு. கேட்டாத்தானே?"

ட்ரஸ்டிக்கு இருக்கிற இரக்கம் இவருக்கு இல்லையே என்று சுப்ரஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது தெருக்கோடி வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். கண்கள் அழுது சிவந்திருந்தன. தலையில் வெள்ளைத் தொப்பி.

"சாமி, நடையைத் தொறந்துடுங்க. மதியத் தொழுகைக்கு அப்புறந்தான் அம்மாவை எடுப்போம். உங்க சாஸ்திரம் உங்க ஜனத்துக்குத்தானே? எங்களுக்காக எதுக்கு?"

உப்பிலி நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

"தெருன்னுதான் சொல்லியிருக்கு, முனீர். யார் ஆத்துச் சாவுன்னு சொல்லலை. உக்காரு."

சுப்ரஜா செருப்பைக் கழற்றினாள். துளசி மாலையை மடியில் வைத்துக்கொண்டு, இருவருக்கும் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.