கேட் திறக்கும் சத்தம்

நான்காவது தடவையாக நவநீதன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

அவள் பக்கத்தில் நின்றாள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

திரையில் ஒரு தீவு. தீவில் பாழடைந்த பங்களா. பங்களாவுக்கு இரும்புக் கேட். கேட் திறந்தால்தான் கதை நகரும்.

முப்பது வருஷத்துக்கு முந்தைய கேம். அதை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட வைக்கிற வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீசில் ஐந்து பேர் சேர்ந்து, சம்பளமில்லாமல். கேட் திறந்து இரண்டு விநாடி கழித்துத்தான் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள்தான் கண்டுபிடித்தாள். அவள்தான் சரிசெய்தாள். கீச்சுக் குரலில் ஓடியதையும் நிதானப்படுத்தினாள். பழைய ஃபைலில் இருப்பதற்கும் காதில் விழுவதற்கும் இப்போது இம்மியும் வித்தியாசம் கிடையாது.

மூன்று தடவையும் அவன் சொன்னது ஒன்றேதான்.

“எல்லாம் கரெக்ட்தாம்மா. ஆனா இது அது இல்ல.”

எது அது?

அவனுக்குத் தெரியும். எட்டு வயதில், அப்பா வாங்கிவந்த கம்ப்யூட்டரில், கோடை லீவு முழுக்க விளையாடியவன். மற்ற மூன்று பேரும் தலையாட்டுவார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு எட்டு வயது இருந்தது. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருந்தது.

“பாவம், அவள விடுப்பா. இந்த கேம் வந்தப்போ அவ பொறக்கவே இல்ல,” என்று அதில் ஒருத்தன் சொன்னான். சிரித்தார்கள்.

அவள் முதன்முதலில் தொட்ட கம்ப்யூட்டர் பன்னிரண்டாவதில் அரசாங்கம் கொடுத்தது. அதில் கேம் விளையாட யாருக்கு நேரம்?

ஃபைலில் இருப்பதைவிட இவன் தலைக்குள் இருப்பது பெரிதா?

பெரிதுதான். அதைத் திறந்து பார்க்க முடியாது. தப்பு என்று காட்ட முடியாது. அதுதான் எரிந்தது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தாள். வீடு என்றால் ஒரு அபார்ட்மென்ட் கேட்டை ஒட்டிய அறை. அப்பா அங்கே வாட்ச்மேன். அந்தக் கேட்டைப் போனில் பதிவுசெய்தாள். தாழ்ப்பாள் விழுவது, சக்கரம் அரைபடுவது, கடைசியில் சுவரில் டங்கென்று இடிப்பது. கேமில் இருந்த சத்தத்தை எடுத்துவிட்டு இதை வைத்தாள்.

இதான் அது என்று அவன் வாயால் வரவேண்டும். வந்ததும், அத்தனை பேர் முன்னாலும், ஒரே வாக்கியம்: இது எங்கப்பா திறக்குற கேட்டு.

பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இப்போது அவன் க்ளிக் செய்தான்.

கேட் திறந்தது.

மறுபடியும் செய்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

“இதான்,” என்றான். “இதேதாம்மா. டேய், இங்க வாங்கடா. பொண்ணு புடிச்சிட்டா!”

ஹெட்போன் கைமாறியது. ஒவ்வொருவனும் தலையாட்டினான்.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான்.

“கேம்ல இந்தக் கேட்டு திறக்குறதும் எங்க வீட்டுக் கேட்டு திறக்குறதும் ஒண்ணு போலவே இருக்கும். அப்பா கார் வந்துருச்சுன்னு அப்படியே போட்டுட்டு ஓடுவேன். எத்தன தடவ ஏமாந்திருப்பேன் தெரியுமா?” தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். “இப்பவும் எழுந்துட்டேன் பாரு.”

உண்மையிலேயே எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

அவளும் அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவள்தான். வெளியில் ஹார்ன் அடிக்கும். அப்பா சோற்றுத் தட்டிலிருந்து எழுந்து ஓடுவார். பிசைந்த கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையாலேயே தள்ளுவார். கார் உள்ளே போகும். திரும்பி வரும்போது சோறு காய்ந்திருக்கும்.

உள்ளே போன காரை நோக்கி எந்தப் பிள்ளையோ மாடியிலிருந்து ஓடி வந்திருக்கும். அதை அவள் யோசித்ததே இல்லை.

அதே சத்தத்தில் இன்னொருத்தனுக்குச் சந்தோஷம் இருந்திருக்கிறது.

பொறுக்கவில்லை.

வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அவன் முகம் தொங்கும். ஒரு அஞ்சு நிமிஷம் தொங்கும். அப்புறம் பழைய ஃபைலைத் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

சொல்லாவிட்டால் அப்பாவின் கேட் கேமிலேயே நிலைத்து நிற்கும்.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைக் காட்டினான். சத்தம் எங்கிருந்து எடுத்தது என்று கேட்கும் கட்டம் காலியாக இருந்தது.

“ஒரிஜினல்னு போடும்மா.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரிஜினல் என்றே அடித்தாள்.

அது ஒரிஜினல் என்பதில் மட்டும் அவளுக்கு அவனோடு சண்டை இல்லை.