ஏழாவது விதி

"சார், என்னையத் தேடிக்கிட்டு இருந்திருப்பீங்க. நானே வந்துட்டேன்," என்றான் ரங்கராஜ்.

மாடிப்படியின் உச்சியில், வகுப்பறைக் கதவை முதுகால் சாத்தியபடி நின்ற ராஜகுரு சாரின் முகம் வெளிறியது. கோபம்தான் என்று ரங்கராஜ் நினைத்துக்கொண்டான்.

கோபம் வராமல் என்ன செய்யும்? யுத்தகாலக் கண்ட்ரோல் வந்து நூல் கிடைக்காமல் தறி சும்மா கிடந்தபோது, டைப் அடிக்கக் கற்றால் ஏதாவது ஆபீஸில் ஒட்டிக்கொள்ளலாம் என்று இந்த மாலை வகுப்பில் சேர்ந்தான். ஆறு மாதத்துக்குச் சம்பளம் பதினெட்டு ரூபாய். ஒன்பதை முன்பணமாகக் கட்டினான். பன்னிரண்டாம் நாள் நெசவாளர் சங்கத்தில் நூல் வந்துவிட்டது. தறியில் உட்கார்ந்தவன் வகுப்புப் பக்கம் திரும்பவேயில்லை. சாரிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

எதையும் எழுதிவைக்கும் தன் வழக்கப்படி, வகுப்பை விட்ட பிறகு ஒரு நாள், சேரும்போது கையெழுத்துப் போட்ட விதிகளை நாட்குறிப்பில் ஒவ்வொன்றாக எழுதினான். ஏழாவது விதிக்கு வந்ததும் அதை இரண்டு முறை படித்தான். 'எழுத்து மூலம் முன்னதாகத் தெரிவிக்காமல் நின்றுவிடுபவர், வந்தாலும் வராவிட்டாலும் முழுச் சம்பளத்தையும் செலுத்தியாக வேண்டும்.' தாளில் அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது. அவன் பேனாவை மூடிவிட்டான்.

இரண்டு மாதமாக இந்தத் தெருவையே தவிர்த்து, கம்மாய்க்கரையைச் சுற்றித்தான் கடைவீதிக்குப் போய்வந்தான். இன்று காலையில் மனைவி கங்கம்மாள்தான் கொலுசைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"இத வச்சாவது அந்த ஒன்பதைக் கொடுத்துட்டு, நேர் வழியா நடங்க. கம்மாக்கரை மாடெல்லாம் உங்களுக்குப் பழக்கமாயிருச்சு."

கொலுசைத் தொடாமல், கையிலிருந்த நாலு ரூபாயோடு கிளம்பி வந்திருந்தான்.

"மொத்தமா முடியாட்டியும், இன்னைக்கு ஒரு நாலு ரூபாயாவது தீந்துரட்டும் சார்."

"இன்னைக்கேயா?" என்றார் ராஜகுரு சார். "மாசக் கடைசி, தம்பி."

"தெரியும் சார். மீதிய நெசவுக் கூலி வந்ததும் நானே கொண்டுவந்து கொடுத்துர்றேன்."

சார் அங்கே கிடந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

"நீ... கொடுக்கிறியா?"

"ஏழாவது விதி இருக்குல்ல சார்."

அவர் மேல்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஆமா, ஏழாவது விதி," என்றார். "மறந்தே போச்சு."

"வீட்டுல ஒரு கொலுசு இருக்கு. அது ஒண்ணுதான் சார்."

"சேச்சே. கொலுசை வாங்கியா நான் கிளாஸ் நடத்தணும்? ஒண்ணும் தர வேண்டாம். போ."

ரங்கராஜுக்கு நம்பிக்கை வரவில்லை. "நெசமாவா சார்?"

"உக்காரு, காப்பி சாப்பிட்டுப் போ." படியில் குனிந்து, கீழே காப்பிக்கடை வைத்திருந்த சோலைச்சாமிக்குக் குரல் கொடுத்தார். சர்க்கரை கிடைக்காத காலம். சோலைச்சாமி இரண்டு தம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

பாக்கிக்காரனுக்குக் காப்பி. இப்படியும் ஒரு மனிதரா என்று ரங்கராஜுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் மனசின் மூலையில் ஒரு சந்தேகம். நாளைக்கே இவர் மனம் மாறினால்? வேறு யாராவது அந்தத் தாளை எடுத்துக் காட்டினால்?

"சார், தப்பா நினைக்காதீங்க. எதையும் எழுத்துல வச்சுக்கிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். டைப் அடிச்சே கொடுத்துர்றேனே. பன்னெண்டு நாள் கத்துக்கிட்டதுக்கு அதாவது மிச்சமாகட்டும்."

"ரிப்பன் போயிருச்சு," என்றார் சார் அவசரமாக. "கையாலயே எழுது. நல்ல யோசனை. எழுது, எழுது."

ரங்கராஜ் முழங்காலில் நாட்குறிப்பை வைத்து நிதானமாக எழுதினான். 'இன்று முதல் வகுப்பிலிருந்து விலகுகிறேன். இனி எங்கள் இருவருக்குள் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.' இரண்டு பிரதி. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மை காயும் முன்பே சார் தன் பிரதியை எடுத்துக்கொண்டார்.

படியிறங்கும்போது ரங்கராஜுக்கு உடம்பே பஞ்சாகிவிட்டது. நாலு ரூபாய் மடியிலேயே இருந்தது. கொலுசு கங்கம்மாள் காலுக்கே திரும்பிவிடும். இனி நேர் வழியில் நடக்கலாம்.

"ஏலே ரங்கராஜு, வாங்கிட்டியா?" என்றான் சோலைச்சாமி.

"எதை?"

"உன் ஒம்பது ரூபாயத்தான். மெஷினெல்லாம் வாடகை மெஷினு. பட்டாளத்து ஆபீஸுக்கு வேணும்னு மதுரைக்காரன் தூக்கிட்டுப் போயி ரெண்டு மாசமாச்சு, கிளாஸே கெடையாது. அவரே கிளாஸ நடுவுல நிறுத்துனா முன்பணம் வாபஸுன்னு எட்டாவது விதியில இருக்குல்ல? கடன ஒடன வாங்கி எல்லாருக்கும் கொடுத்துட்டாரு, என் மச்சினன்கூட வாங்கிட்டான். நீ ஒருத்தன்தான் பாக்கி. நீ எப்ப வந்து நிப்பியோன்னு மனுசன் உங்க தெருப்பக்கமே தலவச்சுப் படுக்கல."

ரங்கராஜ் அண்ணாந்து பார்த்தான். மாடி ஜன்னலில், அவன் எழுதிக்கொடுத்த தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற ராஜகுரு சார், மெல்ல இரண்டு கைகளையும் குவித்து அவனைக் கும்பிட்டார்.